அடுக்களையில் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடும் வளர்ப்புப் பூச்சை (பூனை): நிறுத்த வழி சொல்லுங்கள்

குழித்துறைக்காரி | ஜூன் 11, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு குழித்துறை பக்கத்தில. களியக்காவிளை தாண்டினா பாறசாலை, அப்புறம் கேரளம்தான். வீட்டில நான், வீட்டுக்காரர், மாமி (மாமியார்), ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மகன். கூட ஒரு பெட்டைப் பூச்சை, பேரு சிட்டு. மூணு வயசு ஆகப்போவுது. வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில குட்டியா கண்டெடுத்துக் கொண்டுவந்தது.

இதுவரைக்கும் தட்டை நக்குறது, பால் செம்பில தலையை விடுறதுன்னு சின்னச் சின்னச் சேட்டைதான். இந்த ஒரு மாசமா நிலைமை கை மீறிப் போச்சு. இன்னைக்கு நடந்ததைச் சொல்லுதேன். ஜூன் 1-ல இருந்து மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகல, வள்ளத்து மீன்தான் வருது, விலையும் தீயா இருக்கு. மாமி ஆசைப்பட்டாங்கன்னு நாலு அயிலை வாங்கினேன். வெட்டிக் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு, மேல அலுமினியத் தட்டை மூடி வச்சிட்டுத் தேங்காய் திருவப் போனேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல, தட்டு தரையில விழுற சத்தம். ஓடிவந்தா சிட்டு பின்வாசல் மதில் மேல நிக்குது. முழு அயிலையைக் குறுக்கால கடிச்சுப் பிடிச்சிருக்கு, வால் ஒரு பக்கம் தொங்குது. என்னை ஒரு பார்வை பார்த்துட்டு அந்தப் பக்கம் குதிச்சிருச்சு. இந்த வாரத்தில இது நாலாவது தடவை.

பட்டினி போடுற வீடில்ல இது. காலையும் ராத்திரியும் சோறும் மீன்சாறும் வைக்கிறோம். அது பாதி மிச்சம் கிடக்கு. வாரியல எடுத்து விரட்டினேன், தண்ணி தெளிச்சேன். நான் நிக்கும்போது பக்கத்தில வராது. திரும்பினா போதும், வந்திரும்.

மாமி இன்னைக்கு முடிவாச் சொல்லிட்டாங்க. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் சாக்கில கெட்டி சந்தையில கொண்டு விட்டிருவேன்"னு. மகன் சாப்பிடாம அழுதுட்டு ஒறங்கிட்டான். யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கொல்லங்கோடு கடற்கரை | ஜூன் 11, இரவு 10:05

அக்கா, உங்க மாமி கோவத்தில நியாயம் இருக்கு. நாங்க கடலுக்குப் போற வீடு. ஒரு மீனுக்குப் பின்னால எவ்வளவு பாடு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அதுவும் மழைக்கடலில வள்ளம் இறக்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

எங்க தாத்தா காலத்தில கருவாடு உணக்கும்போது பூச்சை வந்தா, மிளகாப்பொடி நிறைச்ச மீனை ஓரமா வைப்பாங்க. ஒருதடவை கடிச்சா அப்புறம் வராது. இல்லன்னா அடுக்களையில பினாயில் தெளிச்சு விடுங்க. அந்த மணத்துக்கு ஓடிரும்.

கூடலூர் தேயிலை | ஜூன் 11, இரவு 10:31

தயவுசெய்து சாக்கில் கட்டி விடவேண்டாம். வீட்டில் வளர்ந்த பூனைக்குச் சந்தையில் நாய்களோடு போராடத் தெரியாது. பட்டினி கிடக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும் கூட. உங்கள் மாமியைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மகன் அழுதான் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், சப்பாத்தி முதல் முட்டைக்குழம்பு வரை தூக்கும். இப்போது நின்றுவிட்டது. நாளை வேலை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வு ஆய்வாளர் | ஜூன் 12, காலை 5:50

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் கொல்லங்கோடு தம்பிக்கு. பினாயில் வேண்டவே வேண்டாம். அந்த வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் தெளித்தது காலில் ஒட்டும், பூனை காலை நக்கும், விஷம் உள்ளே போய்விடும். அந்துருண்டையும் அப்படித்தான். இதே காரணத்தால் நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மிளகாய்ப்பொடி கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். தாத்தா காலத்தில் செய்தார்கள் என்பது உண்மைதான். அந்தப் பூனைகள் பிறகு என்ன ஆயின என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இனி குழித்துறை மகளுக்குச் சில கேள்விகள். சிட்டுக்குக் கருத்தடை செய்தாயிற்றா? சமீபத்தில் குட்டி போட்டதா? கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்தது எப்போது? மீன்சாறு என்றால் நீங்கள் சாப்பிடும் குழம்பா, தனியாக வேகவைத்ததா? இன்னொன்று, இதுதான் முக்கியம்: எடுத்த மீனை உங்கள் கண்முன் எப்போதாவது தின்றிருக்கிறதா?

குழித்துறைக்காரி | ஜூன் 12, காலை 8:15

சார், பதில் சொல்லுதேன்.

கருத்தடை பண்ணல. குட்டி போட்டது ஏப்ரல் கடைசியில, பின்கட்டில பழைய கட்டிலுக்கு அடியில. மூணு குட்டி. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா ஒண்ணையும் காணோம். கடுவன் பூச்சை தின்னிருக்கும்னு மாமி சொன்னாங்க. மகன் ரொம்ப அழுதான். அதனால அதைப் பத்தி வீட்டில யாரும் பேசுறதில்ல. புழுவுக்கு மருந்து கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. மீன்சாறுன்னா நாங்க வைக்கிற குழம்புதான். உள்ளி, மிளகு, புளி எல்லாம் போட்டது. சோத்தில பிசைஞ்சு வைப்போம்.

தின்னு பார்த்ததான்னு கேட்டீங்களே. யோசிச்சுப் பார்த்தா நான் ஒருதடவைகூட பார்க்கல. எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் போவுது.

ஓய்வு ஆய்வாளர் | ஜூன் 12, காலை 9:02

மகளே, எனக்கு ஒரு சந்தேகம். பசிக்காகத் திருடும் பூனை கைக்குக் கிடைத்ததை அந்த இடத்திலோ, பக்கத்து மறைவிலோ தின்றுவிடும். முழு மீனைக் கடித்துக்கொண்டு மதில் தாண்டிப் போகிறது என்றால் அது வேறு யாருக்கோ கொண்டுபோகிறது.

தாய்ப்பூனை ஓர் இடம் பாதுகாப்பில்லை என்று நினைத்தால் குட்டிகளைப் பிடரியில் கவ்வி வேறிடம் மாற்றிவிடும். ஆள் நடமாட்டம், கடுவன் வாடை, மழை ஒழுகுவது, எதுவும் காரணமாகலாம். குட்டிகள் நாலு வாரத்தில் கெட்டியான தீனிக்கு வாய் வைக்கும். அப்போது முதல் தாய் இரை கொண்டுவந்து போடும். ஏப்ரல் கடைசி என்றால் இப்போது ஆறேழு வாரம். கணக்கு சரியாக வருகிறது. நீங்கள் சொன்ன "இந்த ஒரு மாசமா" என்பதும் பொருந்துகிறது.

இன்றைக்கு அதன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். முலைக்காம்பு சிவந்து, சுற்றி முடி உதிர்ந்து இருந்தால் குட்டிகள் பால் குடிக்கின்றன என்று அர்த்தம். பிறகு ஒரு சாளை மீனை நீங்களே அதன் முன்னால் வையுங்கள். தூக்கிக்கொண்டு போனால் பின்னால் ஓடாதீர்கள். ஆள் வருவது தெரிந்தால் வேறு பக்கம் சுற்றிப் போகும், குட்டிகளை மறுபடி இடம் மாற்றினாலும் மாற்றும். தூரத்தில் நின்று எந்தத் திசை என்று மட்டும் பாருங்கள்.

பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். நீங்கள் அதற்கு வைப்பது சோறு.

செங்கோட்டை அத்தை | ஜூன் 12, காலை 11:20

குழித்துறை மகளே, உன் பூனை குட்டிக்குத்தான் கொண்டு போகுதோ என்னவோ, வாசிச்சதில இருந்து எனக்கு அதே நினைப்பா இருக்கு. பார்த்துட்டு எழுதும்மா.

திருட்டை நிறுத்த எங்க வீட்டில ஒரே மருந்து, உறி. நாங்க மீன் முட்டை புழங்காத வீடு. இங்க பூனை எடுக்கிறது பால், வெண்ணெய், நெய். இப்ப உள்ள பிள்ளைகளுக்கு உறின்னா கிருஷ்ண ஜெயந்திக்குக் கட்டுறது மட்டும்தான் தெரியும். அது அடுக்களைச் சாமான். மூணு புரி கயிறு, அடியில ஒரு பிரிமணை, மேல உத்தரத்தில ஒரு கொக்கி. மாட்டுற இடம்தான் முக்கியம். சுவரில இருந்தும் அலமாரியில இருந்தும் கையை நீட்டினா எட்டாத தூரம் இருக்கணும், தரையில இருந்து ஆள் உயரத்துக்கு மேல தொங்கணும். பூனை நின்ன இடத்தில இருந்தே நெஞ்சு உயரம் எகிறும். ஆனா ஆடுற பொருள் மேல பாயப் பயப்படும். ஃபிரிட்ஜ் வந்தப்புறம் நான்கூட அவுத்துப் போட்டேன். கரண்ட் போய்ப் போய் வர்ற ஊரில மறுபடி மாட்டிட்டேன்.

எனக்கும் ஒரு சந்தேகம் சார். எங்க பூனை பாயசத்தைக்கூட விடறதில்ல. இனிப்பு அதுக்கு ஆகுமா?

ஓய்வு ஆய்வாளர் | ஜூன் 12, மதியம் 1:45

அம்மா, பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரவேண்டிய மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டறிந்தார்கள். உங்கள் பூனை பாயசத்தில் தேடுவது பாலும் நெய்யும். பாயசத்தில் உலர்திராட்சை போட்டிருந்தால் எட்டவே விடாதீர்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும்.

பெரியவர்கள் நிறையப் பேர் இங்கே படிப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பூனை முழு மாமிசப் பிராணி. நாய் சோறு தின்று பிழைத்துக்கொள்ளும், பூனையால் முடியாது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் மட்டும்தான் போதிய அளவு உண்டு. போதுமான அளவுக்குப் பூனையின் உடம்பு தானாக அதைத் தயாரிக்காது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் தெரியவந்தது. அதற்கு முன் எத்தனை தயிர்சாதப் பூனைகள் "திடீர்னு செத்துப்போச்சு" என்று புதைக்கப்பட்டனவோ.

உங்கள் வீட்டில் மாமிசம் புழங்கவேண்டாம், அது உங்கள் வழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனியில் டாரின் சேர்த்திருப்பார்கள். அதைப் பின்வாசலில் ஒரு கிண்ணத்தில் தினமும் வையுங்கள். வயிற்றுக்கு ஏற்றது கிடைத்தாலே வெண்ணெய் மேல் உள்ள வெறி பாதி அடங்கும்.

கொழிஞ்சாம்பாறை | ஜூன் 12, மாலை 6:30

வணக்கமுங்க. நாங்க பாலக்காடு பக்கம், சித்தூர்த் தாலுக்கா. ஐயா சொல்றது புரியுதுங்க. ஆனா கடைத் தீனி வாங்கிக் கட்டுபடியாகாதுங்க, எங்க வீட்டுல மூணு பூனை. கூலி வேலைக்குப் போற வீட்டுல கம்மி செலவுல என்னங்க குடுக்கிறது? குழம்புச் சோறு ஆகாதுன்னா வேற வழி வேணுமில்லீங்களா?

ஓய்வு ஆய்வாளர் | ஜூன் 12, இரவு 7:40

நியாயமான கேள்வி. குழம்புச் சோறு ஏன் ஆகாது என்றால், முதல் குற்றவாளி வெங்காயமும் பூண்டும். சின்ன உள்ளி, பெரிய வெங்காயம் இரண்டும்தான். பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் பூனையின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும். ஒருநாள் நக்கினால் தெரியாது. தினமும் போனால் ஈறு வெளுத்து, சோர்ந்து படுத்துவிடும். அதோடு சோறு வயிற்றை நிரப்பும், பசியை அடக்காது. கிண்ணத்தில் சோறு மிச்சம் இருக்கும், பூனை மேடையில் ஏறும். நம் ஊர் வீடுகளில் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி இதுதான்.

மூன்றரை, நாலு கிலோ உள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். கோழிக்கடையில் இதயம், கல்லீரல், கற்குடல் (இரைப்பை) மலிவாகக் கிடைக்கும். இதயத்தில் டாரின் நிறைய. ஈரல் வாரத்துக்கு ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்துங்கள், மிஞ்சினால் உயிர்ச்சத்து ஏ அதிகமாகி எலும்பைப் பாதிக்கும். உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். டாரின் தண்ணீரில் கரையும், நீரைக் கொட்டினால் சத்தும் போய்விடும். சோறு ஒரு பிடி சேர்த்தால் தப்பில்லை. மீன் என்றால் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்றால் தயமின் சத்து அழிந்து கழுத்துத் தொங்கிப்போகும். கருவாடு வேண்டாம், உப்பு. கோழி எலும்பை வேகவைத்துப் போடாதீர்கள், அது ஊசிபோல் உடையும்.

குழித்துறைக்காரி | ஜூன் 13, மாலை 5:25

சார், அத்தை, எல்லாரும் கேளுங்க. குட்டி உயிரோட இருக்கு!

காலையில வயித்தைப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே காம்பு சிவந்து, முடி இல்லாம இருக்கு. இத்தனை நாள் மடியில தூக்கி வச்சும் நான் கவனிக்கல. பதினொரு மணிக்கு மழை கொஞ்சம் விட்டுது. ஒரு சாளையை வேகவச்சு ஆறினப்புறம் அது முன்னால வச்சேன். மணம் பிடிச்சுது, ஒரு நக்கு நக்கிச்சு, அப்புறம் தூக்கிட்டு மதில் ஏறிருச்சு. நானும் மகனும் ஜன்னல் வழியாப் பார்த்தோம். பக்கத்து விளையில ரப்பர் ஷீட்டு உணக்குற புகைப்புரை இருக்கு. பால்வெட்டு நிறுத்திட்டாங்க, புரையில தீ போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. சிட்டு நேரா அதுக்குள்ள போச்சு.

அந்த வீட்டு அண்ணன்கிட்ட கேட்டு மாமியும் நானும் போனோம். உள்ளே இருட்டு, புகைக்கரி மணம். மூலையில பழைய சாக்கு மடிச்சுப் போட்டிருக்கு. சுத்தி மீன்தலை, முள்ளு, எங்க வீட்டு அயிலையோட வால். சாக்கு மேல ரெண்டு குட்டி. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சிட்டு மாதிரியே மூணு நிறம். எங்களைப் பார்த்ததும் உடம்பை வளைச்சுச் சீறிச்சு. சிட்டு அந்தச் சாளையைக் குட்டி முன்னால போட்டுட்டு ஒரு மாதிரி தொண்டைக்குள்ள இருந்து கூப்பிடுது. மூணாவது குட்டியைக் காணோம்.

மாமி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. வரும்போது மதில் பக்கத்தில நின்னு, "அது வயித்துக்கு ஒண்ணும் எடுக்கலயே"ன்னு மட்டும் சொன்னாங்க. மத்தியானம் கோழிக்கடைக்கு வீட்டுக்காரரை அனுப்பினது அவங்கதான்.

குட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வரலாமா? என்ன பண்ணணும்?

ஓய்வு ஆய்வாளர் | ஜூன் 13, மாலை 6:10

நல்ல செய்தி. இன்றைக்குத் தூக்காதீர்கள். பின்வாசலில் மழை படாத மூலையில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் அந்தச் சாக்கையே விரியுங்கள், வாடை மாறக்கூடாது. சிட்டுக்குத் தீனியை அங்கேயே வையுங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு மூன்று நாளில் தானே குட்டிகளைக் கூட்டிவரும். வராவிட்டால் தாய் பார்க்கும்படி பெட்டியோடு கொண்டுவாருங்கள். குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி கேளுங்கள். மகனிடமும் சொல்லிவையுங்கள்.

மழை விட்டதும் தாயையும் குட்டிகளையும் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உருளைப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்குப் போகும், ஆகவே மூன்றுக்கும் எடை பார்த்து மருந்து கொடுக்கவேண்டும். குட்டிகள் பால் மறந்ததும் சிட்டுக்குக் கருத்தடை. தள்ளிப்போட்டால் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும்.

குழித்துறைக்காரி | ஜூன் 22, இரவு 9:15

பத்து நாள் ஆச்சு. குட்டிங்க மூணாம் நாளே வந்திருச்சு. சிட்டு நல்லா தின்னுது. முழு மீன் தூக்குறது நின்னுபோச்சு.

ஆனா திருட்டு நிக்கல, அதான் மறுபடி எழுதுதேன். முந்தாநாள் வறுத்த நெத்தோலியில வாய் வச்சுது. இன்னைக்கு மகன் தட்டில இருந்து முட்டைத் துண்டு. வயிறு நிறைஞ்சிருக்கு, குட்டியும் பக்கத்தில இருக்கு, பின்ன ஏன்? இன்னொரு பயமும் இருக்கு. அடுப்புப் பத்தும்போது மேடையில ஏறுது. கொதிக்கிற எண்ணெயில கால் வச்சா என்ன ஆகும்?

கூடலூர் தேயிலை | ஜூன் 22, இரவு 10:40

அக்கா, அன்றைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

பசி தீர்ந்தாலும் பழக்கம் தீராது. மேடையில் ஏறினால் ஏதோ கிடைக்கும் என்று ஒரு மாசமாக அது படித்துவிட்டது. பத்துத் தடவை ஏறி ஒருதடவை கிடைத்தால் போதும், பதினோராவது தடவையும் ஏறும். சொல்லப்போனால் எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் பூனையை அதிகம் இழுக்கும். அதனால் முதல் வேலை, அந்த ஒரு தடவையையும் அடைப்பது. நாங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். மேடையில் திறந்த பாத்திரம் கிடையாது, ஐந்து நிமிஷத்துக்குக்கூட. தட்டை வைத்துவிட்டு எழுந்து போகக்கூடாது. சாப்பிடும்போது யாரும் கையிலிருந்து கொடுக்கக்கூடாது. இந்த மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பா ரகசியமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார், அது தெரியவே பத்து நாள் ஆனது.

அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் ஏன் பலிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் நிற்கும்போது மட்டும் வராது என்று. நீங்கள் ஆபத்து என்று அது கற்றுக்கொண்டது. மேடை ஆபத்து என்று கற்கவில்லை.

அடுத்து, ஏறாதே என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே இருக்கவேண்டும் என்று இடம் காட்டவேண்டும். பூனை உயரத்தில் இருந்து பார்க்க விரும்பும், நாம் சமைப்பது அதற்கு வேடிக்கை. அடுக்களை வாசல் பக்கம் ஒரு முக்காலி போட்டேன், மேல் பழைய சாக்குத் துண்டு. சமைக்கத் தொடங்குவதற்கு முன் அதற்குச் சாப்பாடு. பிறகு வேகவைத்த கோழி இதயத்தைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு மூடியில் வைத்துக்கொள்வேன். முக்காலியில் ஏறியதும் ஒரு துணுக்கு, முக்காலி மேலேயே வைப்பேன், கையில் கொடுப்பதில்லை. உட்கார்ந்தே இருந்தால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் கொடுத்தேன், பிறகு முப்பது, பிறகு ஒரு கறி தாளிக்கும் நேரம். மேடையில் ஏறினால் திட்டு கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது, பேசாமல் தூக்கிக் கீழே விடுவது. ஏறிய உடனே கூச்சல் போட்டால் அதுவே அதற்கு ஒரு விளையாட்டு.

ஆள் இல்லாத நேரத்துக்கு மேடை ஓரத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை அட்டையில் ஒட்டி வைத்தேன். காலில் பிசுபிசுப்பது பூனைக்கு ஆகாது, வலிக்கவும் செய்யாது. மூன்று வாரத்தில் எடுத்துவிட்டேன்.

எண்ணெய் பற்றி நீங்கள் பயப்படுவது சரிதான். பொரிக்கும்போது மட்டும் கதவைச் சாத்துங்கள். பழக்கம் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல அது.

கொழிஞ்சாம்பாறை | ஜூன் 23, காலை 7:00

மூடி வெயிட்டா இருக்கணுமுங்க. அலுமினியத் தட்டை எங்க பூனை மூக்குல நெம்பித் தள்ளிரும். மண்சட்டிக்கு மண்மூடி போட்டு மேல அம்மிக்குழவிய வெச்சா அசையாதுங்க. மீன் கழுவுன தண்ணியும் செதிலும் வாசல்ல கொட்டாதீங்க, அந்த வாசத்துலயே சுத்திட்டு இருக்கும். குழி வெட்டி மூடிருங்க.

ஐயா சொன்ன கோழி இதயம் நாலு நாளாக் குடுக்கறமுங்க. மூணும் சட்டியச் சுத்தி வர்றது கொறஞ்சிருக்குங்க.

குழித்துறைக்காரி | ஜூலை 19, இரவு 8:50

ஒரு மாசம் ஆகப்போவுது. நடந்தது நடந்தபடி எழுதுதேன்.

முக்காலி எங்க வீட்டில பலிச்சுது, ஆனா முதல் வாரம் வெப்ராளமா இருந்துச்சு. சிட்டு முக்காலியில ஒரு நிமிஷம், மேடையில ஒரு நிமிஷம். தூக்கிக் கீழே விட்டு விட்டு கை ஓய்ஞ்சு போச்சு. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ நான் மீன் வெட்ட அரிவாமணையை எடுத்ததும் தானே போய் முக்காலியில ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துது. எனக்கு நம்பவே முடியல. இந்த மூணு வாரத்தில ரெண்டு தடவைதான் எடுத்துது. ரெண்டும் மகன் தட்டை வச்சிட்டு டிவி பக்கம் போன நேரம்.

அத்தை சொன்ன உறியைப் பத்தித்தான் முக்கியமாச் சொல்லணும். கடையில கேட்டா அலங்காரத்துக்கு விக்கிற பிளாஸ்டிக் கயிறுதான் இருக்கு. மாமி ஒரு நாள் மத்தியானம் சகிரிநாரை (தேங்காய் நார்) தண்ணியில நனைச்சு வச்சிட்டு, திண்ணையில உட்கார்ந்து தொடை மேல வச்சுத் திரிச்சாங்க. நாலு விரல் நீளம் திரிக்க, ரெண்டு விரல் நாரு சேர்க்க, மறுபடி திரிக்க. அவங்க அம்மாகிட்ட படிச்சதாம், கல்யாணம் ஆகி வந்தப்புறம் செய்யவே இல்லையாம். கடைசியில மூணு புரியையும் சேர்த்து ஒரு முடிச்சு போட்டாங்க. இழுக்க இழுக்க இறுகும். எனக்கு அது இன்னும் வரல. இப்ப ராத்திரி மிச்ச மீன்குழம்பு உறியிலதான். குட்டிங்க ரெண்டும் அடியில உட்கார்ந்து அது ஆடுறதையே பார்த்துட்டு இருக்கும்.

மருந்தகத்தில மூணுக்கும் புழு மருந்து கொடுத்தாச்சு. சிட்டுக்குப் புழு நிறைய விழுந்துது, அந்தப் பசியும் சேர்ந்துதான் இருந்திருக்கு. குட்டிகளுக்கு மூணு மாசம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி போடச் சொன்னாங்க. அடுத்த வாரம் போறோம். சிட்டுக்குக் கருத்தடைக்கும் நாள் வாங்கிட்டோம்.

ஓய்வு ஆய்வாளர் | ஜூலை 20, காலை 6:05

மகிழ்ச்சி. கருத்தடைக்குப் பிறகு ஒரு விஷயம் கவனியுங்கள். உடம்புக்குத் தேவையான தீனி குறையும், ஆனால் பசி கூடும். சிட்டு மறுபடி சட்டியைச் சுற்றினால் பயந்துபோய் அளவைக் கூட்டாதீர்கள். அதே அளவை இன்னும் சிறுசிறு வேளையாகப் பிரித்து வையுங்கள். வயதான பூனை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பத்து வயதுக்கு மேல் திடீரென்று திருடத் தொடங்கி, நன்றாகத் தின்றும் மெலிந்தால் அது சேட்டை இல்லை. தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம், இரத்தம் பார்க்கவேண்டும்.

கொல்லங்கோடு கடற்கரை | ஜூலை 20, இரவு 8:30

அக்கா, அன்னைக்கு மிளகாப்பொடின்னு எழுதினதை நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்கு. அது குட்டிக்குத்தான் கொண்டுபோச்சுன்னு வாசிச்சதும் எங்க அம்மாகிட்ட சொன்னேன், அவங்களும் கண் கலங்கிட்டாங்க.

ஒண்ணு கேட்கட்டா? ஆகஸ்ட் 1 கடல் திறக்குது. எங்க வலைப்புரையில எலி நிறைய, போன மாசம் ஒரு வலையை ரெண்டு இடத்தில கடிச்சுப் போட்டுது. அந்தக் கறுப்புக் குட்டியை எங்களுக்குத் தருவீங்களா? நல்லா பாத்துக்குவோம். மீனுக்குப் பஞ்சமில்ல, வேகவச்சு முள் எடுத்தே கொடுப்போம்.

குழித்துறைக்காரி | ஜூலை 20, இரவு 9:10

மகன்கிட்ட கேட்டேன். கறுப்பனை மாசத்துக்கு ஒருதடவை பார்க்கக் கூட்டிட்டுப் போகணுமாம், அப்படின்னா தருவானாம். ஊசி போட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க. மூடியுள்ள கடவம் (ஓலைப்பெட்டி) இருந்தா கொண்டு வாங்க. அது கெடந்த சாக்கில ஒரு துண்டு வெட்டித் தருவேன், வலைப்புரையில அதுக்குப் படுக்கப் போடுங்க. அப்புறம் உங்க வீட்டில உத்தரத்தில கொக்கி இருக்கான்னு மாமி கேட்டாங்க. கயிறு திரிச்சு வைக்கணுமாம்.